1915: அரசாங்கம் செய்த தவறு நமக்கு வரலாறான கதை

1916 மே மாதம். டப்ளின் நகரின் நடுப்பகுதி எரிந்து இடிந்து கிடந்தது. அயர்லாந்தின் நிர்வாகத்தைச் சீர்படுத்த லண்டன் அவசரமாக அனுப்பிய அதிகாரியின் பெயர் சேர் ரொபர்ட் சால்மர்ஸ். கொழும்பு வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர் இது. முந்தைய ஆண்டு டிசம்பர் வரை அவர் நம்முடைய தேசாதிபதி. பாளி மொழியை முறையாகக் கற்ற அறிஞர். உலகப் போரில் தம் இரண்டு மகன்மாரையும் 1915 மே மாதத்திலேயே பறிகொடுத்தவர். அடுத்த மாதம் பிறந்ததும் இலங்கையில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தவர். ஓர் இராணுவச் சட்டத்தை நடத்திவிட்டு வந்தவரை இன்னோர் இராணுவச் சட்டத்துக்குள் அனுப்பிவைக்க ஏகாதிபத்தியத்துக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

இந்த ஒரு மனிதர் இரண்டு தீவுகளையும் தொட்டுச் சென்றதால்தான் ஒப்பீடு தோன்றுகிறது. இங்கும் அங்கும் இராணுவ நீதிமன்றங்கள் அமர்ந்தன. அவசர அவசரமாகத் தீர்ப்புகள் எழுதப்பட்டன. இளைஞர்கள் சிறைச் சுவரோரம் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டப்ளினில் ஜேம்ஸ் கொனலி காயத்தால் நிற்க முடியாமல் இருந்ததால் நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டார்கள். வெலிக்கடையில் ஹென்றி பேத்ரிஸ் சுடப்பட்டபோது அமர்ந்திருந்த நாற்காலியை, இரத்தக் கறையோடு, சிறையிலிருந்த ஏனைய தலைவர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்று சிங்களவர் மத்தியில் இன்றும் சொல்வார்கள். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. டப்ளினில் நடந்தது கிளர்ச்சி. கொழும்பில் நடந்தது கிளர்ச்சியல்ல. அதைக் கிளர்ச்சி என்று அரசாங்கம் எண்ணிக்கொண்டது. நூறு ஆண்டு கடந்த பின்னர், அந்த அரசாங்கத்தின் தவறையே நாம் தேசிய வரலாறாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் டப்ளினைப் பார்ப்போம். 1916 ஏப்ரல் 24, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை, சில நூறு பேர் நகரின் தலைமைத் தபாலகத்தைக் கைப்பற்றினார்கள். பட்ரிக் பியர்ஸ் அதன் வாசலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். அந்த வாரம் முடிவதற்குள் சரணடைய வேண்டியதாயிற்று. கைதிகளை வீதி வழியே நடத்திச் சென்றபோது டப்ளின் மக்களில் பலர் அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டிய பெண்களின் கணவன்மாரும் மகன்மாரும் பிரிட்டிஷ் படையில் பிரான்ஸ் போர்முனையில் நின்றார்கள், ஊர் எரிந்திருந்தது, பாணுக்கும் வழியில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

மக்கள் மனத்தை மாற்றியவர் பியர்ஸ் அல்லர், பிரிட்டிஷ் ஜெனரல் மக்ஸ்வெல். மே 3ஆம் திகதி முதல் 12ஆம் திகதி வரை சிலர் சிலராகச் சுட்டுக்கொண்டே போனார். ஒரே நாளில் எல்லாரையும் சுட்டிருந்தால் ஒருவேளை அதிர்ச்சியோடு போயிருக்கும். தவணை முறையில் வந்த மரணச் செய்தி, நேற்றுவரை திட்டியவர்களைத் தேவாலயங்களில் பூசைக்கு முழந்தாளிட வைத்தது.

அடுத்த தலைமுறை அந்த மரணங்களின் மேல் ஒரு நாட்டையே கட்டியது. 1966இல் ஐம்பதாவது ஆண்டு நிறைவு வந்தபோது நாட்டின் ஜனாதிபதியே அந்தக் கிளர்ச்சியில் ஒரு படைப்பிரிவை நடத்திய இமோன் டி வலேரா. தூக்குக்கும் துப்பாக்கிக்கும் தப்பியவர் அரச மேடையில் நின்று மரியாதை ஏற்றால் அங்கே கேள்வி கேட்பவர் யார்? அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே டப்ளின் நடுவீதியில் நின்ற நெல்சன் தூணைக் குண்டு வைத்துத் தகர்த்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாம் வீரகதைதான்.

அதற்குப் பின் வந்த தலைமுறைக்கு அந்தக் கதை கையைச் சுட்டது. வட அயர்லாந்தில் குண்டு வெடிக்கத் தொடங்கியதும், “நாங்களும் 1916இன் வாரிசுகள்தான்” என்று ஐ.ஆர்.ஏ. சொன்னது. அதை மறுக்க டப்ளின் அரசிடம் நேரான பதில் இல்லை. இராணுவ அணிவகுப்பை நிறுத்தினார்கள். 1976இல் தபாலகத்தின் முன் நினைவுகூர ஒழுங்கு செய்யப்பட்ட கூட்டத்துக்கே தடை விதித்தார்கள். பிரான்சிஸ் ஷா என்ற இயேசு சபைத் துறவி, பியர்ஸின் இரத்தப் பலித் தத்துவத்தைக் கண்டித்து 1966 விழாவுக்கென எழுதிய கட்டுரை அப்போது அச்சேறவில்லை, 1972இல்தான் வெளிவந்தது. விழா ஆண்டில் சொல்லக்கூடாதது, பிணங்கள் விழத் தொடங்கியதும் சொல்லத்தக்கதாகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிறந்த நாட்டின் பிறப்புக் கதையை மறுபடி விசாரிக்க ஒரு சமூகத்துக்கு இரண்டு தலைமுறையாவது ஆகிறது.

2006இல் அணிவகுப்பு திரும்பியது. 2016இல் நூற்றாண்டு. அந்த ஆண்டையொட்டி நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அணிவகுப்பு அல்ல, ஒரு பட்டியல். கிளாஸ்நெவின் மயானத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை, அந்தக் கிளர்ச்சியால் இறந்த எல்லோரையும் எண்ணிப் பார்த்தது. மொத்தம் 485 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள். கிளர்ச்சியாளர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜோ டஃபி என்ற வானொலி அறிவிப்பாளர் சிறுவர்களை மட்டும் தனியே தேடி 40 பேரின் பெயரை எடுத்தார். பால் வாங்கப் போன பிள்ளை, சன்னலோரம் நின்ற பிள்ளை என்ற வகை மரணங்கள். நூறு ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மேடையிலும் பெயர் இருக்கவில்லை.

அறக்கட்டளை ஒரு படி மேலே போய், கிளர்ச்சியாளர், பொதுமக்கள், பிரிட்டிஷ் சிப்பாய் என்று பாராமல் எல்லாப் பெயரையும் ஒரே கருங்கல் சுவரில் பொறித்தது. எதிர்ப்பு வந்தது. ஒருமுறை பெயின்ற் ஊற்றினார்கள்; இன்னொருமுறை சம்மட்டியால் அடித்தார்கள். கடைசியில் சுவரைக் கைவிட்டார்கள். நூற்றாண்டு நடந்த 2016இலேயே பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக நடந்த நினைவு நிகழ்வொன்றில் கூச்சலிட்ட ஒருவரை, விருந்தினராக வந்த கனேடியத் தூதுவரே பாய்ந்து பிடித்த வேடிக்கையும் நடந்தது. சுவர் நிலைக்கவில்லை. பட்டியல் நிலைத்துவிட்டது. இனி எந்த ஐரிஷ் அரசியல்வாதியும் 1916ஐப் பற்றிப் பேசும்போது 485 என்ற எண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கொழும்புக்கு வருவோம். 1915இல் யார் யார் இறந்தார்கள் என்று கேட்டால் நம்மிடம் என்ன பட்டியல் இருக்கிறது?

கதை கம்பளையில் தொடங்குகிறது. வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா, பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்பது வழக்கு. 1815 கண்டி ஒப்பந்தம் தந்த உரிமை என்று தேவாலயத் தரப்பு வாதிட்டது. மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்த்தார்; 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி நகரில் ஊர்வலமும் பள்ளிவாசலும் எதிரெதிரே வந்தன. மறுநாள் கடைகள் உடைந்தன. இரண்டு மூன்று நாளில் கொழும்பு, அதன்பின் மேல் மாகாணமும் சப்ரகமுவவும் தெற்கும். அரசாங்கக் கணக்கில் சூறையாடப்பட்ட வீடுகளும் கடைகளும் 4,075, எரிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 17, சேதமானவை 86. குறைந்தது 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கரையோரச் சோனகர். கீழக்கரை, காயல்பட்டினம் என்று தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து, சிங்களக் கிராமங்களுக்குள் சில்லறைக் கடை போட்டவர்கள். போர்க்காலத்தில் அரிசி, சீனி விலை ஏறியது. கடன் கொப்பியில் பெயர் ஏறியது. ஏற்றியவர் மேல் ஆத்திரம் ஏறியது. போட்டிக்கு நின்ற சிங்கள வியாபாரிகளுக்கும் இதில் பங்குண்டு. இந்தப் பொருளாதாரப் பக்கத்தைக் குமாரி ஜயவர்தன 1970இலேயே விரிவாக எழுதிவிட்டார். அமீர் அலி அதை மீண்டும் ஆராய்ந்தார். மைக்கல் ரொபர்ட்ஸ் மேளச் சத்தம் என்ற விவகாரத்தையே தனியாக எடுத்து எழுதினார். ஆய்வாளர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். அது பல்கலைக்கழக நூலகத்தைத் தாண்டி வீதிக்கு வரவில்லை.

வீதிக்கு வந்தது அதற்குப் பின் நடந்த கதை. சால்மர்ஸின் அரசாங்கம், இது ஜேர்மனியர் துணையோடு முடிக்கு எதிராக எழுந்த சதி என்று எண்ணியது. மதுவிலக்கு இயக்கத்தில் நின்ற சிங்களப் பெருமக்களை அள்ளிச் சென்று சிறையில் போட்டது. எஃப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க, டபிள்யூ.ஏ. டி சில்வா, ஏ.ஈ. குணசிங்க என்று பட்டியல் நீளும். அநகாரிக தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையில் உயிர்விட்டார். பஞ்சாபிச் சிப்பாய்கள் ஊர்களில் இறங்கினார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உண்டு. கொழும்புப் பாதுகாப்புப் படையில் கப்டனாக இருந்த 26 வயது ஹென்றி பேத்ரிஸ் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் 1915 ஜூலை 7ஆம் திகதி சுடப்பட்டார். இவை அநியாயங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து ஹவ்லொக் வீதிக்குப் போனால் இசிபத்தனாராமய விகாரை வரும். பேத்ரிஸின் தந்தை மகனின் நினைவாகக் கட்டியது. பக்கத்துப் பாடசாலைக்கும் அந்த விகாரையின் பெயர்தான். அந்தச் சுற்றாடலிலேயே அவர் பெயரில் ஒரு மைதானமும் உண்டு. மாலை வேளையில் அங்கே விளையாடும் பையன்களுக்கு அவர் ஒரு விடுதலை வீரர். நகரின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில், இராமநாதன் பெயரில் உள்ள மாவத்தையில் பொன்னம்பலவாணேசர் கோயில் நிற்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தையார் கட்டிய கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய திருப்பணி, கலவரத்துக்கு மூன்றாண்டு முன்தான் நிறைவேறியது. பளபளக்கும் மாபிளுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தக் கருங்கல் தூண்களின் சொரசொரப்பு வேறொரு காலத்தைக் காட்டும். நண்பகலிலும் உள் பிராகாரம் குளிர்ந்தே கிடக்கும். தமிழருக்கு 1915 என்றால் இந்தக் கோயிலைக் கட்டியவர்தான்.

அந்தக் கதையைத் தமிழ் மேடைகளில் கேட்காதவர் இல்லை. சட்டநிரூபண சபையில் இராமநாதன் முழங்கியது. போர்க்காலத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் திரிந்த கடலில் கப்பலேறி லண்டன் போனது. இராணுவச் சட்டம் பற்றி 1916இல் அங்கே நூல் வெளியிட்டது. திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்து வோட் பிளேஸ் வரை கொண்டு சென்றது. கதை இங்கே வந்ததும் பேச்சாளர் சற்று நிறுத்துவார். பிறகு, “அந்த வண்டியை இழுத்தவர்களின் பிள்ளைகள் நமக்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்பார். சபை கைதட்டும்.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கொழும்புத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று வாக்களித்துவிட்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் பின்வாங்கியதும், அதன் முதல் தலைவரும் இராமநாதனின் தம்பியுமான அருணாசலம் 1921இல் வெளியேறியதும் ஆறே ஆண்டுக்குள் நடந்தவை. அதற்கப்பால் 1956, 1958, 1983 என்று போய் எங்கே முடியும் என்பது வெள்ளவத்தையில் வீடு எரிந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தக் கதையை நாம் சொல்லும் விதத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, இராமநாதனின் வாதம் என்ன என்பதையே மறந்துவிட்டோம். நடந்தது முடிக்கு எதிரான கிளர்ச்சியே அல்ல, இரு சமூகத்தாருக்கிடையே மூண்ட கலவரம், அதற்கு இராணுவச் சட்டம் தேவையில்லை என்பதே அவர் சபையிலும் லண்டனிலும் சொன்னது. அவருடைய வாதப்படி பேத்ரிஸ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக் களத்தில் இறங்கியவர் அல்லர். செய்யாத குற்றத்துக்குச் சுடப்பட்டவர். பேத்ரிஸை விடுதலைப் போராளியாக்கினால் இராமநாதன் பொய்யராகிறார். மாறாக, இராமநாதனின் பேச்சை ஏற்றால், 1915ஐச் சுதந்திரப் போராட்டத்தின் முதல் அத்தியாயமாக எழுதும் பாடப்புத்தகம் கிழிகிறது. இருவரையும் ஒரே மேடையில் வைத்து மாலை போடும் நம் வழக்கம், சால்மர்ஸ் கண்ட “சதி”யைத்தான் வேறு பெயரில் வாழவைக்கிறது. அவர் தேசத்துரோகம் என்றதை நாம் தேசபக்தி என்கிறோம். கலவரத்தைக் கிளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதில் அவருக்கும் நமக்கும் பேதமில்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. கடை இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் பேசியது தமிழ். வரவுசெலவு எழுதியது தமிழில். சண்டையிட்டதும் தாலாட்டியதும் தமிழில். தமிழ் பேசியவர்களின் கடைகள் ஆயிரக்கணக்கில் எரிந்த ஒரு நிகழ்வை, தமிழ்ச் சமூகம் ஒரு தமிழர் சிங்களவரைக் காப்பாற்றிய கதையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. இராமநாதனின் வாதத்தில் சோனகரின் இழப்பு ஓரத்துக்குப் போய்விட்டது என்பது முஸ்லிம்களின் நெடுநாள் மனக்குறை. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பும் அந்தக் குறைக்கு முன்கதை. இனத்தால் தமிழர் என்று உரிமை பாராட்டியவர், அவர்கள் அடிபட்டபோது அடித்தவர்களின் சட்டத்தரணியாக நின்றார் என்று ஒரு முஸ்லிம் நண்பர் சொன்னால் நம்மிடம் என்ன பதில்? இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராக அவர் நின்றது சரி. அதனால் இந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

2014 ஜூனில் அளுத்கமவிலும், 2018 மார்ச்சில் திகனவிலும், 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தபோது முஸ்லிம் எழுத்தாளர்கள் முதலில் நினைத்தது 1915ஐத்தான். அவர்களுக்கு அது பழங்கதை அல்ல. தமிழ்ப் பத்திரிகைகளில் அப்போது வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை 1983ஐ ஒப்பிட்டன. அடிபட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் ஆண்டைத்தான் நினைக்கிறார். மனித இயல்பு அது. ஆனால் ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனி வரிசையில் நிற்பது அடிப்பவருக்குத்தான் வசதி.

நினைவுகூரலைப் பொறுத்தமட்டில் நம் அரசு கஞ்சத்தனம் செய்வதில்லை. ஆளைப் பார்த்துச் செய்கிறது. டப்ளின் நூற்றாண்டு கொண்டாடிய அதே 2016இல், டிசம்பர் மாதம், 1818 ஊவா-வெல்லஸ்ஸ எழுச்சியில் துரோகிகள் என்று அன்றைய தேசாதிபதி பிரௌன்றிக் அறிவித்த கெப்பட்டிப்பொல உட்பட 19 பேரின் பெயரைக் கண்டியில் விழா எடுத்துத் துலக்கினார்கள். இருமுறை ஆயுதம் எடுத்துத் தோற்ற கட்சி நவம்பர் 13ஆம் திகதி தன் தோழர்களைப் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. இன்று நாட்டை ஆள்வதும் அந்தக் கட்சிதான். இரண்டு வாரம் கழித்து வரும் நவம்பர் 27இல் வடக்கில் விளக்கேற்றுவோர் அக்கம்பக்கம் பார்த்து ஏற்ற வேண்டியிருந்த ஆண்டுகள் எத்தனை? மே 18இல் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மெழுகுதிரியோடு நிற்பவர்களுக்கு எதிரே கொடி பிடித்துக் கத்தவும் ஆள் வருகிறார்கள். கிளாஸ்நெவின் சுவரில் சம்மட்டி விழுந்த செய்தி நமக்குப் புதிதல்ல.

ஆனால் நம் பக்கத்திலும் பட்டியல் இல்லை. நாம் விளக்கேற்றும் நாட்களிலும் போராளிகளுக்குப் பெயரும் படமும் இருக்கின்றன. இடையில் அகப்பட்டுச் செத்தவர்கள் எண்ணாகத்தான் இருக்கிறார்கள், அந்த எண்ணிலும் இணக்கம் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் துரத்தப்பட்ட முஸ்லிம்களின் பெயர்ப்பட்டியலை எந்தத் தமிழ் அமைப்பு தயாரித்திருக்கிறது? ஐரிஷ்காரர் தம் வீரர்களை ஒதுக்கிவிட்டு அந்த 485ஐ எழுதவில்லை. பியர்ஸும் கொனலியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பால் வாங்கப் போன பிள்ளையும் இருக்கிறது. இதைச் செய்யும் துணிவு வந்தது நான்காம் தலைமுறைக்கு. 1915இன் நான்காம் தலைமுறை நாம்தான்.

1915ஐப் பொறுத்தவரை இது செய்ய முடியாத வேலையும் அல்ல. கலவரம் அடங்கியதும் அரசாங்கம் நட்டஈட்டுக்கென்று கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, விசேட ஆணையாளர்களை நியமித்து, சிங்களப் பகுதிகளில் வரி அறவிட்டுக் கொடுத்தது. கோரிக்கை வைத்த ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தொகை இருந்தது. குடும்பங்களும் இருக்கின்றன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும், கொழும்பின் புறக்கோட்டையிலும் மருதானையிலும், “பாட்டாவின் கடை கொழும்பில் எரிந்தது” என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கும்; அடுத்த தலைமுறையில் இருக்குமா என்பது சந்தேகம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு மண்டபமும் நூலகமும் உண்டு. இராமநாதன் நினைவுப் பேருரைக்கு ஆண்டுதோறும் பேச்சாளர் தேடுகிறவர்கள், ஓர் ஆண்டு அந்த மேடையை ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியருக்குக் கொடுத்து, சுவடிகள் திணைக்களத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை எடுத்து எழுத இரண்டு மாணவர்களுக்குப் பணம் கொடுக்கட்டும். வாசகர்களில் எவர் வீட்டிலாவது அந்தக் காலத்துக் கணக்குக் கொப்பியோ மனுவின் பிரதியோ இருந்தால், கறையான் அரிக்குமுன் படமெடுத்து வையுங்கள்.